உரிமை செல்லும், உறுதி செல்லாது

1580ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி கொழும்பில் ஓர் உறுதி எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் கோட்டை இராச்சியத்தின் மன்னர் தர்மபால. ஞானஸ்நானம் பெற்றபின் தொம் ஜுவான் என்று பெயர் கொண்டவர். பெற்றுக்கொண்டது போர்த்துக்கல் முடி. தமக்குப் பின் தமது இராச்சியம் முழுவதும் போர்த்துக்கல் மன்னரையே சேரவேண்டும் என்பது அதன் சாரம். 17 ஆண்டுகள் கழித்து, 1597 மே 27இல் அவர் கண்மூடினார். அந்த உறுதியைக் காட்டித்தான் இலங்கையின் தென்மேற்குக் கரை முழுவதையும் போர்த்துக்கேயர் உரிமை கோரினர்.

இந்த ஒரு காரியத்தால் தர்மபாலவின் பெயர் நாட்டைத் தாரைவார்த்தவர் என்ற இடத்தில் நின்றுவிட்டது. அந்நியன் தூக்கி வைத்த பொம்மை, உரிமையில்லாத முடிக்கு ஆசைப்பட்டவன் என்று கூடவே சேர்த்துச் சொல்வார்கள். எதிர்ப்பக்கத்தில் சீதாவாக்கையின் மாயாதுன்னையும் அவர் மகன் முதலாம் இராஜசிங்கனும் அந்நியரை எதிர்த்த வீரர்களாக நிற்கிறார்கள். இந்தத் தீர்ப்பில் பாதி சரி, பாதி பிழை. அதிகம் பேசப்படுவது பிழையான பாதிதான். தர்மபாலவுக்கு அரியணையில் உரிமை இருந்ததா என்பது ஒரு கேள்வி. அந்நியர் துணை அந்த உரிமையைக் கெடுத்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அவர் எழுதிய உறுதி செல்லுமா என்பது இன்னொன்று. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே விடை சொல்லிவிடுகிறோம்.

புதுக்கடையில் காணி வழக்குப் பேசும் சட்டத்தரணி எவரும் முதலில் கேட்பது, உரித்து எங்கிருந்து வந்தது என்பதைத்தான். வாங்கியவரின் உறுதி, அவருக்குக் கொடுத்தவரின் உறுதி, அதற்கும் முந்தியது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார்கள். கோட்டை அரியணையின் உரித்தையும் அப்படித் தேடிப் போனால், இரண்டு படி தாண்டுவதற்குள் இரத்தம் தென்படுகிறது.

1521இல் ஆறாம் விஜயபாகு தன் சொந்தப் புதல்வர் மூவரால் கொல்லப்பட்டார். மூத்தவர்களை விட்டு வேறொரு பிள்ளைக்கு முடியைக் கொடுக்க அவர் நினைத்தார் என்பதே காரணம். சிங்கள வரலாற்று மரபு அதை விஜயபா கொள்ளை என்று நினைவில் வைத்திருக்கிறது. மூவரும் நாட்டைப் பங்கிட்டுக் கொண்டார்கள். மூத்தவரான ஏழாம் புவனேகபாகுவுக்குக் கோட்டை, றைகம் பண்டாரவுக்கு றைகம, இளையவர் மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை. பின்னர் புவனேகபாகு தம் மகள் சமுத்திராதேவியின் மகனான தர்மபாலவை வாரிசாக அறிவித்தபோது, தம்பி இருக்க மகளின் பிள்ளைக்கு முடியா என்று மாயாதுன்னை எதிர்த்தார். வழக்கின் வேர் இதுதான்.

மரபு யார் பக்கம்? அண்ணனுக்குப் பின் தம்பி என்பது சிங்கள அரசுகளில் பழைய வழக்கம். அந்த அளவில் மாயாதுன்னைக்கு நியாயம் இருந்தது. ஆனால் மகள் வயிற்றுப் பேரன் ஆள்வதும் கோட்டைக்குப் புதிதல்ல. அந்த அரசின் மிகப் பெரிய மன்னரான ஆறாம் பராக்கிரமபாகு தமக்குப் பின் தம் மகள் உலகுடைய தேவியின் மகனையே அமர்த்தினார். அந்தப் பேரன் ஜெயபாகு என்ற பெயரில் சில ஆண்டுகள் ஆண்டார். அவரை வீழ்த்தி முடியை எடுத்தவர் சபுமல் குமாரய. தமிழர் செண்பகப் பெருமாள் என்று அறிந்தவர், யாழ்ப்பாணத்தை வென்று அங்கிருந்து ஆண்டவர். ஆக, பேரனுக்கு முடி கொடுத்த முன்னுதாரணமும் உண்டு, அதை வாளால் மாற்றிய முன்னுதாரணமும் உண்டு. இந்த நிலையில் ஆளும் மன்னரின் வெளிப்படையான நியமனம் எவரிடம் இருந்ததோ அவர் பக்கம் தராசு சற்றுத் தாழ்கிறது. அது தர்மபாலவிடம் இருந்தது. அரியணைக்கு உரிமையில்லாதவர் என்று அவரை ஒதுக்க வரலாற்றில் ஆதாரமில்லை.

அடுத்தது அந்நியர் துணை. புவனேகபாகு அந்த நியமனத்தை உறுதிப்படுத்த எடுத்த வழி விசித்திரமானது. 1540களின் தொடக்கத்தில் பேரனின் பொற்சிலை ஒன்றைத் தூதுவர் கையில் லிஸ்பனுக்கு அனுப்பினார். அங்கே மூன்றாம் ஜுவான் மன்னர் அந்தச் சிலைக்கு முடிசூட்டினார். அக்காலத்தில் கோட்டைச் சிற்பிகள் செதுக்கிய தந்தப் பேழை ஒன்று இன்றும் ஜெர்மனியின் மியூனிக் நகரில், பழைய அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. போர்த்துக்கல் மன்னர் இளவரசருக்கு முடிசூட்டும் காட்சி அதன் முன்பக்கத்தில் உண்டு. இளவரசரோ கடலைத் தாண்டியதே இல்லை. அவர் அப்போது மடியில் தவழும் பருவத்தைத் தாண்டியிருந்தாலே அதிகம். இலங்கைக் கைகள் இலங்கை யானைத் தந்தத்தில் இவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கிய ஒரு சரணாகதியைப் பார்க்கும் எவருக்கும் மனம் கனக்கும்.

ஆனால் அந்தப் பேழையைக் காட்டி மாயாதுன்னையின் கையைச் சுத்தமென்று சொல்ல முடியாது. அவரும் வெளியாரைத்தான் நம்பினார். கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படையும் மரைக்காயர் தலைவர்களும் 1530களில் அவருக்காகப் படகேறினர். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளைக் கரையில் மார்த்திம் அபோன்சோ தெ சூசா அந்தப் படையை நொறுக்கினார். வேதாளையில் விழுந்தது மலபார்க் கப்பல்கள் மட்டுமல்ல, கோட்டை முடியை விரைவில் கைப்பற்றலாம் என்ற மாயாதுன்னையின் கணக்கும் அங்கேதான் விழுந்தது. மறு ஆண்டு மிகுவேல் பெரெய்ரா படையோடு வந்தபோது, சமாதானத்தின் விலையாகத் தம்மை நம்பி வந்த மரைக்காயர் தலைவர்களின் தலைகளையே மாயாதுன்னை வெட்டிக் கொடுத்தார். அந்நியரை எதிர்த்த வீரர் என்ற படத்தை மாட்டுபவர்கள் இந்த 1539ஆம் ஆண்டைப் பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். கரையோர முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் அந்தப் போரில் கொடுத்த விலையும் அதோடு சேர்ந்து மறைந்துபோகிறது.

எனவே அந்நியர் துணை பெற்றது குற்றமென்றால் இரு தரப்பும் குற்றவாளிகள். இரு துணைகளுக்கும் இடையில் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சாமூதிரியின் மரைக்காயர் உதவிக்கு வந்தார்கள், தோற்றார்கள், தலையிழந்தார்கள். போர்த்துக்கேயர் உதவிக்கு வந்து கொழும்பில் கோட்டை கட்டினார்கள், கறுவா வணிகத்தைக் கையில் எடுத்தார்கள், பிறகு முடியைக் கேட்டார்கள். துணைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பும் வலு அழைத்தவரிடம் இருந்ததா என்பதே இங்கே எடைபோட வேண்டியது. புவனேகபாகுவிடம் அது ஓரளவு இருந்தது. தம் மதத்தை அவர் மாற்றவில்லை. கறுவாவையும் திறையையும் கொடுத்துக்கொண்டே சமயத்தைக் காத்தார். போர்த்துக்கேயரும் இதை அறிந்தே கையில் மாற்று வாரிசுகளை வைத்திருந்தார்கள். அரச குடும்பத்து இளைஞர் இருவர் கோவாவுக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்று, அங்கிருந்தே முடிக்கு உரிமை கோரினர். 1546இல் அம்மை நோய் அவர்களைக் கொண்டுபோகாவிட்டால் தர்மபாலவின் இடத்தில் வேறொரு பெயர் நமக்குப் பாடமாகியிருக்கும்.

1551இல் களனியில் புவனேகபாகு ஒரு போர்த்துக்கேயத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். விபத்தா சதியா என்பதை அன்றிலிருந்தே விவாதித்து வருகிறார்கள். விளைவில் விவாதமில்லை. முடி ஒரு சிறுவன் தலையில் வந்து அமர்ந்தது. அதே ஆண்டில் வந்திறங்கிய அரசப் பிரதிநிதி அபோன்சோ தெ நொரோஞ்ஞா, தாம் காக்க வந்த மன்னனின் மாளிகையிலேயே புதையல் தேடிச் சூறையாடினார். சிறுவனின் தந்தை வீதிய பண்டாரவைப் போர்த்துக்கேயர் கொழும்பில் சிறைவைத்தார்கள். அவர் தப்பி, அவர்களோடும் மாயாதுன்னையோடும் மாறிமாறிப் போரிட்டு, கடைசியில் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்டார். தாத்தாவைச் சுட்டவர்கள், தந்தையைச் சிறையிட்டவர்கள், மாளிகையைக் கொள்ளையடித்தவர்கள் ஆகியோரே அந்தப் பிள்ளையின் பாதுகாவலர்கள். தர்மபாலவைப் பொம்மை என்று திட்டுபவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும்.

ஆயினும் அனுதாபம் எல்லா வயதுக்கும் பொருந்தாது. 1557இல் தர்மபால கத்தோலிக்கரானார். ஒருவர் தம் விருப்பப்படி மதம் மாறுவது அவர் பாடு. மாறியதோடு நில்லாமல் களனி உட்பட விகாரைகளின் நிலங்களைப் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தார். கோட்டையில் கலவரம் மூண்டது. புத்தரின் புனித தந்தம் சீதாவாக்கை எல்லைக்குள் தெல்கமுவவுக்குப் போயிற்று. தந்தத்தைக் காப்பவரே மன்னர் என்ற நம்பிக்கை ஊறிய மண்ணில், இதைவிடப் பெரிய பரிசை மாயாதுன்னையின் படைகூட அவருக்கு ஈட்டித் தந்திருக்க முடியாது.

பௌத்தரல்லாதவர் ஆளக்கூடாது என்ற விதியை ஒரு தமிழ் வாசகர் ஏற்கவேண்டுமா என்ற கேள்வி இங்கே எழும். நிச்சங்கமல்லன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலன்னறுவையில் கல்லில் வெட்டி வைத்த விதி அது. நான் அதை நியாயமென்று சொல்லமாட்டேன். இந்த நாட்டில் அதன் நிழல் இன்னும் நம் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் தர்மபாலவின் தவறு அந்த விதியை மீறியதில் இல்லை, குடிகளின் பொதுச் சொத்தைத் தம் சமயத்துக்காகப் பறித்ததில் இருக்கிறது. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர்களைப் பாருங்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், வேறு மொழி, வீட்டுக்குள் வேறு வழிபாடு. விகாரைகளைப் புதுப்பித்தார்கள், பிக்குகளின் உபசம்பதாவை மீட்டார்கள், 1815 வரை மன்னர்களாக இருந்தார்கள்.

1565இல் கோட்டை நகரமே கைவிடப்பட்டது. மன்னரும் மாளிகையும் கொழும்புக் கோட்டைச் சுவருக்குள் குடிபெயர்ந்தனர். 1580இல் உறுதி எழுதப்பட்டபோது தர்மபாலவின் ஆணை உண்மையில் செல்லும் நிலம் கொழும்பும் அதன் சுற்றும்தான். மற்றதெல்லாம் சீதாவாக்கையின் கையில்.

இனி அந்த உறுதி. இலங்கையின் காணிச் சட்டம் உரோம டச்சுச் சட்டத்தில் ஊன்றியது. அதைக் கொண்டுவந்த ஒல்லாந்தரின் தளபதி ஹுல்வ்ட் 1656இல் கொழும்பை முற்றுகையிட்டபோது மாண்டார். நீதிமன்றங்கள் நிற்கும் புதுக்கடையின் ஆங்கிலப் பெயரில் அவர் இன்னும் இருக்கிறார். பின்னாளில் வந்த ஒரு சட்டத்தால் முன்னாள் மன்னரின் கடதாசியை அளப்பது முழு நியாயமல்ல என்பது உண்மைதான். ஆனால் சட்டத்தின் பெயரால் நாட்டைக் கேட்டவர்கள் போர்த்துக்கேயரே. சட்டம் படித்த எந்த ஐரோப்பியனும் அன்றே கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை நாம் இன்று கேட்பதில் தவறில்லை.

கொடுப்பவர் சுயமாகக் கொடுத்தாரா? அவர் இருந்தது பெறுபவரின் கோட்டைக்குள். உணவும் காவலும் பெறுபவரின் தயவில். காதில் ஓதியவர்கள் பெறுபவரின் நாட்டுத் துறவிகள். இன்று ஒரு முதியவர் தம்மைப் பராமரிப்பவரின் வீட்டில் இருந்தபடி, அவருடைய நொத்தாரிசின் முன்னால், எல்லாவற்றையும் அவருக்கே எழுதிக் கொடுத்தால், அந்த நன்கொடை உறுதியின் மேல் வழக்கு வராமல் இராது. அதே வேளையில், அடுத்த 17 ஆண்டுகளில் தர்மபால அதை விலக்கிக்கொள்ளவில்லை என்பதையும் தராசில் வைக்கவேண்டும். முழுக்க வற்புறுத்தல் என்று சொல்லி அவரை விடுவித்துவிட முடியாது. இராஜசிங்கனிடம் நாடு போவதைவிட லிஸ்பனிடம் போவது மேல் என்று அவர் உண்மையாகவே நினைத்திருக்கலாம். 1587இலும் 1588இலும் இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டபோது மதிலுக்குள் இருந்த மனிதர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை.

பெறுபவர் யார்? உரோம டச்சுச் சட்டத்தில் நன்கொடை நிறைவேற வேண்டுமானால் பெறுபவர் அதை ஏற்கவேண்டும். 1580 ஆகஸ்ட் 12இல் போர்த்துக்கல்லில் அதை ஏற்க யார் இருந்தார்? கர்தினால் மன்னர் ஹென்றிக் அந்த ஜனவரி 31இலேயே பிள்ளையின்றி இறந்துவிட்டார். ஜூனில் கிராத்தோவின் அந்தோனியோ தம்மை மன்னராக அறிவித்தார். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் தமக்கே உரிமை என்று அல்பா பிரபுவின் தலைமையில் படையனுப்பினார். கொழும்பில் உறுதி எழுதி 13 நாள் கழித்து, ஆகஸ்ட் 25இல், லிஸ்பனின் வாசலில் அல்காந்தராவில் அந்தோனியோவின் படை சிதறியது. பிலிப்பை மன்னராகப் போர்த்துக்கேயப் பேரவை ஏற்றது 1581இல்தான். போட்டி வாரிசுகளால் கிழிபட்ட ஓர் அரசு, தன் போட்டியை அயல்நாட்டு ஆயுதத்தால் தீர்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அந்த அரசுக்கே தன் அரசைத் தருவதாகத் தர்மபால கையெழுத்திட்டார். கடைசியில் சொத்து போய்ச் சேர்ந்தது அவர் குடும்பம் இரு தலைமுறையாக வணங்கிய போர்த்துக்கல்லின் அவீஸ் வம்சத்துக்கு அல்ல, ஒரு ஸ்பானிய மன்னருக்கு.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி, அந்தச் சொத்து அவருடையதா என்பது. தன்னிடம் இல்லாததை எவரும் கொடுக்க முடியாது. ஆளும் உரிமை மன்னருடையது, நாடு அவருடைய தனிச் சொத்தல்ல. நாட்டைப் பிள்ளைகளுக்குப் பங்கிடலாம், தம்பிக்கு விடலாம், பேரனுக்கு விடலாம். அரசையே அரச குடும்பத்துக்கு வெளியே, கடலுக்கு அப்பால், எழுத்தில் கொடுப்பதற்குக் கோட்டை மரபில் முன்னுதாரணம் இல்லை.

தர்மபாலவுக்காகப் பேசுவோரின் வலுவான வாதத்தையும் கேட்டாகவேண்டும். வரலாற்றாசிரியர் சொல்தான் பீடர்மான், கோட்டை மன்னர்கள் ஏமாளிகளாக லிஸ்பனை நாடவில்லை என்கிறார். மன்னருக்கு மேல் மன்னர், அவருக்கும் மேல் சக்கரவர்த்தி என்பது தெற்காசியாவின் பழைய ஏற்பாடு; திறை கொடுத்துத் தம் ஆட்சியை நிறுத்திக்கொள்வதே அவர்கள் நோக்கம் என்பது அவர் பார்வை. பொற்சிலையையும் தந்தப் பேழையையும் விளக்க இது நன்றாகவே உதவுகிறது. புவனேகபாகுவை இதைவிட நியாயமாக எவரும் எடைபோட்டதில்லை என்பேன். ஆனால் 1580ஐ இது காப்பாற்றாது. மேலே ஒருவரை ஏற்றுக்கொண்டு கீழே தான் ஆள்வது அந்தப் பழைய ஏற்பாடு. தன் இருக்கையையே அகற்றிவிட்டு மேலே உள்ளவரை அதில் அமர்த்துவது அந்த ஏற்பாட்டின் முடிவு.

உறுதி இல்லாமலும் இதே கதி வந்திருக்காதா என்று கேட்கலாம். யாழ்ப்பாணம் அதற்குச் சாட்சி. 1591இல் அந்திரே புர்த்தாதோ தெ மென்தோன்சா நல்லூரைத் தாக்கி மன்னரைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அமர்த்தினார். அவரிடம் எவரும் உறுதி எழுதி வாங்கவில்லை, அவரும் முழுப் பொம்மையாக இருக்கவில்லை. ஆனாலும் 1619இல் பிலிப்பே தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசை முடித்துவைத்தார். ஆக, அழிவுக்கு உறுதி அவசியமில்லை.

கண்டி வேறு கதை சொல்கிறது. 1594இல் பெத்ரோ லோபெஸ் தெ சூசா, கண்டி அரச மகள் தோன கத்தரினாவை அரியணையில் ஏற்றப் பெரும்படையோடு மலையேறினார். அவளுக்கு இரத்த உரிமை மறுக்க முடியாதது. எதிரே நின்ற கொனப்பு பண்டார போர்த்துக்கேயரிடமே வளர்ந்து தொம் ஜுவான் என்று ஞானஸ்நானம் பெற்றவர், முடிக்கு உரிமை என்று சொல்ல ஏறத்தாழ ஒன்றுமில்லாதவர். தந்துறையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. கொனப்பு பண்டார பௌத்தத்துக்குத் திரும்பினார், கத்தரினாவை மணந்தார், புனித தந்தத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார், விமலதர்மசூரியன் ஆனார். 1803இல் ஆங்கிலேயரும் போர்த்துக்கேயர் செய்ததையே செய்து பார்த்தார்கள். ஆளுநர் பிரெடரிக் நோர்த் அனுப்பிய படை, முடிக்கு உரிமை கோரிய முத்துசாமியைக் கண்டியில் முடிசூட்டியது. அவரைப் பார்க்கக்கூட ஊர் வரவில்லை. சில மாதங்களில் ஆங்கிலேயப் படையின் மேஜர் டேவி மகாவலிக் கரையில் அவரைக் கண்டியரிடம் ஒப்படைத்தார், அவர் கொல்லப்பட்டார். தூக்கி வைத்த கையே இறக்கிக் கொடுத்தது.

நல்ல உரிமையோடு வந்த தர்மபால அரசை இழந்தார், உரிமையே இல்லாத கொனப்பு பண்டார ஒரு வம்சத்தைத் தொடங்கினார். இருவரும் போர்த்துக்கேயர் வளர்ப்பு, இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒருவர் குடிகளிடம் திரும்பிப் போனார், மற்றவர் போகவில்லை. ஆகவே என் தீர்ப்பு இது: தர்மபால உரிமையுள்ள வாரிசு, அந்நியர் துணை அவர் மட்டும் செய்த பாவமல்ல, சிறுவயதில் நடந்தவற்றுக்கு அவர் பொறுப்பல்ல. 1557இல் விகாரை நிலங்களை எழுதியதற்கும் 1580இல் நாட்டை எழுதியதற்கும் அவரே பொறுப்பு. முதலாவது அவர் உரிமையை உள்ளிருந்து அரித்தது. இரண்டாவது, எழுதிய நாளிலேயே செல்லாத உறுதி.

அது செல்லாது என்பதை அதன் பயனாளிகளே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஒரு தடயம் உண்டு. தர்மபால இறந்தபின் மல்வானையில் ஒவ்வொரு கோறளையிலிருந்தும் பிரதிநிதிகள் கூடி, தங்கள் சட்டங்களும் வழக்கங்களும் காக்கப்படும் என்ற வாக்கின் பேரில் பிலிப்பை மன்னராக ஏற்றார்கள் என்று 1685இல் நூல் எழுதிய போர்த்துக்கேயப் படைத்தலைவர் ஜுவான் ரிபெய்ரோ சொல்கிறார். வரலாற்றாசிரியர் திக்கிரி அபயசிங்க 1964இல் அந்தக் கதையைக் கூர்ந்து ஆராய்ந்து, மல்வானை மாநாடு ஒரு கட்டுக்கதை என்று வாதிட்டார். அவர் வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. மன்னரின் கையொப்பம் இட்ட உறுதி கையில் இருந்தும், குடிகள் சம்மதித்தார்கள் என்று ஒரு கதை அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.